வந்த அன்றே டம்ப்ளிங்

வியாழன், 18 செப். 2008

காலையிலிருந்து காற்று. பல்கனியில் போட்ட துணி இரண்டு தரம் விழுந்தது.

ஹோம்புஷ் தமிழ்க்கடையில் திருமதி ப.: "அன்ரி, தாய்வான் மனுசியை ஒரே நாளில கலைச்சுப்போட்டீங்களாமே?"

நான் யாரையும் கலைக்கவில்லை. என் வீட்டில் அறை எடுத்திருக்கும் மாணவி மெய்லிங்கின் தாய் செவ்வாய் வந்தார், பத்து நாள் தங்க. புதன் காலை தாமாகவே பெட்டியோடு பரமட்டா மோட்டலுக்குப் போனார்.

நான் செய்தவை: புது விரிப்பு. நல்ல கோப்பைகள். பழகிய சாப்பாடு இருக்கட்டும் என்று கீழ்வீட்டுத் திருமதி சுன்னிடம் நாற்பது டம்ப்ளிங் கேட்டது. இறைச்சி வைத்த சின்னக் கொழுக்கட்டைதான். சுன் சீனாவிலிருந்து வந்து மகனோடு இருப்பவர். மகன் மொழிபெயர்த்தார்: "அம்மா கேக்கிறா, இண்டைக்கேயோ எண்டு." இன்றைக்கே, சரியாக ஆறு மணிக்கு என்றேன். சுன் கொண்டுவந்தார், விருந்தாளியின் கையைப் பிடித்து ஏதோ சொன்னார். விருந்தாளி இரண்டு சாப்பிட்டார். முகம் வாடிவிட்டது.

திருமதி ப. முன்பே சொன்னவர்: "ரெண்டு சீனாவையும் ஒரு மேசையில இருத்தாதேங்கோ. சண்டைதான் வரும்." அவர் சொன்னது சரியாகிவிடுமோ என்பதுதான் எரிச்சல்.

பின்னேரம். மெய்லிங்கிடம் நேரே கேட்டேன்.

"அன்ரி, வடக்குச் சீனாவில வாற ஆளுக்கு நூடில்ஸ். போற ஆளுக்கு டம்ப்ளிங்."

"தாய்வானிலுமா?"

"அங்க கனபேருக்குத் தெரியாது. அம்மான்ர அப்பா வடக்கில, ஷாண்டொங்கில இருந்து வந்தவர். திரும்பிப் போகவே கிடைக்கேல்லை. அதால அம்மாவுக்குத் தெரியும்."

சுன்னும் ஷாண்டொங். விருந்தாளி அன்றே புறப்படுகிறார் என்று நினைத்திருக்கிறார். கையைப் பிடித்துச் சொன்னது, பத்திரமாகப் போய் வாருங்கள் என்று. இந்த வழக்கம் தெரியாத வேறு எவராவது என்றால் நன்றாகச் சாப்பிட்டுவிட்டு உறங்கியிருப்பார்.

என் கணவர் இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வெள்ளி, 19

வெயில். மூட்டு வலி குறைவு.

மெய்லிங் கீழே போய் விஷயத்தைச் சொல்லியிருக்கிறாள். பதினொரு மணிக்குச் சுன் படியேறி வந்தார், துவாயில் சுற்றிய பானையோடு. நூடில்ஸ். என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார், பிழை விட்ட பிள்ளையைப் பார்ப்பதுபோல. மெய்லிங்கோடு மூவரும் ரயிலில் பரமட்டா. பானை சுன்னின் மடியில்.

மோட்டல் கதவு பாதிதான் திறந்தது. சுன் மூடியைத் தூக்கிக் காட்டினார். கதவு முழுதும் திறந்தது.

பிறகு பேச்சு, இரண்டு மணி நேரம். எனக்கு மொழிபெயர்த்தது மெய்லிங். இடையில் காதோடு சொன்னாள்: "அம்மா தாத்தா மாதிரிக் கதைக்கிறா. நான் கேட்டதேயில்லை." சுன்னுக்குச் சிரிப்பு: "இது எங்கட ஊர்ப் பழைய பேச்சு. இப்ப ஊரிலயே ஒருத்தரும் இப்பிடிக் கதைக்கிறேல்லை."

இந்த வருடம்தான் சீனத்தவரைத் தாய்வானுக்குச் சுற்றுலா போக விட்டிருக்கிறார்களாம், குழுவாக மட்டும். சுன்னுக்கும் ஆசை. விருந்தாளி: "கொடி பிடிக்கிற வழிகாட்டிக்குப் பின்னாலயே திரியாதேங்கோ. ஒரு நேரம் எங்கட வீட்டுக்கு வாங்கோ. நூடில்ஸ் வைப்பன்." சுன் அவருக்குத் தன் ஊர் முகவரியை எழுதிக் கொடுத்தார்.

நான் கதிரையில் கைப்பையோடு. எனக்கும் ஒரு கிண்ணம் தந்தார்கள். உப்புக் குறைவு. மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. விருந்தாளியும் திரும்பி வருவதாகச் சொல்லவில்லை.

சனி, 20

மழைத் தூறல். கொன்வென்டில் பழக்கியது: மன்னிப்பு எழுத்தில், அன்றன்றே. நான் பிந்திவிட்டேன். மூன்று தாள் கிழித்து நான்காவதில் எழுதி மெய்லிங்கிடம் கொடுத்தனுப்பியது:

"அம்மையீர், பிழை என்னுடையது. திருமதி சுன்னுடையது அல்ல. உங்கள் அறை அப்படியே இருக்கிறது. வருகிற வெள்ளி, நீங்கள் புறப்படும் நாளில், டம்ப்ளிங் செய்யச் சொல்லியிருக்கிறேன். அதுவரை எங்களோடு தங்குவீர்களா? பதிலை எழுத்தில் தரவும்."