பத்துச் சிவப்புக் கோடுகள்

தூத்துக்குடி
6.9.1977

அன்புள்ள மகள் ஜீவமணிக்கு அம்மா ஆசீர்வாதத்தோடு எழுதுவது. ஆண்டவர் கிருபையால் இங்கே அப்பா, உன் அண்ணன் எஸ்றா, மதினி ஞானசௌந்தரி மூன்று பேரும் சுகம். எனக்கு மட்டும் ரத்தக்கொதிப்பு, அதற்கு நீயும் உன் எடின்பரோ ஆராய்ச்சியும்தான் காரணம். உன் சுகம் எப்படி என்று கேட்டு மூன்று கடிதம் போட்டாயிற்று. நீ பக்கம் பக்கமாக யார் யாருடைய ரத்தத்தையோ சோதித்த கதையை எழுதுகிறாயே தவிர, உன் இருமல் நின்றதா, ஸ்வெட்டர் போடுகிறாயா என்று ஒரு வரி இல்லை. போகட்டும். இந்தத் தடவை நான் திட்ட வேண்டியது நிறைய இருப்பதால் ஏர் லெட்டரில் இடம் போதாது என்று தாள் வாங்கி எழுதுகிறேன், உட்கார்ந்து நிதானமாக வாசி.

போன வருஷம் அக்டோபரில் நீ அந்தப் பெரிய தாளை அனுப்பினாயே, குடும்பத்துப் பெண்களின் பேரெல்லாம் எழுதி, யாருக்கு எந்த வயதில் வந்தது, மாதம் தவறாமல் வருகிறதா, மோவாய் நாடியில் முடி உண்டா, பிள்ளைகளுக்கு நடுவே எத்தனை வருஷம் என்று கேட்டு, அன்றைக்குப் பிடித்தது சனி. அதோடு வந்த கடிதத்தை உன் அப்பா வழக்கம்போல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சத்தமாக வாசித்தார். உபதேசியார் எதிரே உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருக்கிறார். பெண்களின் உடம்பிலும் ஆண் ஹார்மோன் கொஞ்சம் உண்டு, அது அளவுக்கு மிஞ்சினால் முட்டை வெளியே வராமல் முட்டைப்பையிலேயே நீர்க்கொப்புளமாகத் தங்கிவிடும், வயிற்றைத் திறந்து பார்த்தால் முட்டைப்பை பருத்து சிப்பியின் உள்பக்கம் போல வெள்ளையாக வழவழவென்று இருக்கும் என்று எழுதியிருந்தாய். உபதேசியார் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டுப் போனவர், பிறகு ஒரு மாதம் இந்தப் பக்கம் வரவில்லை. சிப்பி என்றால் இந்த ஊரில் எல்லோருக்கும் முத்துதான் ஞாபகம் வரும், நீ ஒருத்திதான் அதில் வியாதியைப் பார்த்தவள். இனிமேல் இந்த மாதிரி விஷயத்தை எனக்குத் தனியாக எழுது, அப்பாவுக்கு வேறு தாளில் சீதோஷ்ணத்தைப் பற்றி எழுது.

சௌந்தரிக்குக் கல்யாணமாகி ஏழு வருஷம், ஒரு பிள்ளை இல்லை, கன்னத்தில் முடி, உடம்பும் பருக்கிறது, அவளுக்கு இந்தக் கோளாறாக இருக்கலாம், மாதக் கணக்கைக் குறித்துக்கொண்டு போய் ஒரு லேடி டாக்டரிடம் காட்டுங்கள் என்று நீதான் எழுதினாய். அதைக் குறிக்கிற பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன். முப்பத்தொரு வருஷம் கணக்கு டீச்சராக இருந்தவளுக்கு இது ஒரு காரியமா. அவளிடம் கேட்கக் கூச்சமாக இருந்ததால் கேட்கவில்லை. கொல்லைக் கொடியில் அவளுடைய மாதத் துணிகள் பழைய சேலைக்கு அடியில் காய்கிற நாளைப் பார்த்து, மூன்று நாள் முன்னே தள்ளி, கோயில் காலண்டரில் சிவப்புப் பென்சிலால் கோடு போட்டேன். ஜூலை வரை பத்துக் கோடு. அந்தக் காலண்டரைச் சுருட்டி எடுத்துக்கொண்டு எஸ்றாவையும் அவளையும் மதுரைக்கு இழுத்துக்கொண்டு போனேன். டாக்டரம்மா காலண்டரைப் பார்த்தார், என்னைப் பாராட்டினார், இவ்வளவு ஒழுங்காக வருகிற பெண்ணுக்கு அந்தக் கோளாறு இருக்காது, மாப்பிள்ளையைச் சோதித்துப் பாருங்கள் என்று சொல்லிவிட்டார். உன் அண்ணனுக்கு வந்ததே கோபம், எம்மா நீ பள்ளிக்கூடத்துல போட்ட கணக்க வீட்டுக்குள்ள போடாத என்று பஸ் ஸ்டாண்டில் நாலு பேர் பார்க்கச் சொன்னவன், பஸ்ஸில் தனியாக முன்சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டான். சௌந்தரி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தாள். புருஷனுக்காக வருத்தப்படுகிறாள் என்று நினைத்தேன், என் புத்தியை என்ன சொல்ல.

கோடுகளை நகல் எடுத்து உனக்கு அனுப்பினேன். ஆகஸ்டு முதல் வாரம் உன் பதில் வந்தது. ஒவ்வொரு கோட்டுக்கும் நடுவே சரியாக இருபத்தெட்டே நாள், எந்தப் பெண்ணின் உடம்பும் பள்ளிக்கூட மணி போல அடிக்காது, அவள் கன்னத்து முடி ஒன்று சொல்கிறது, உன் காலண்டர் வேறொன்று சொல்கிறது, யாரோ பொய் எழுதியிருக்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். எனக்கு எப்படி இருந்திருக்கும். நான் பெற்ற பிள்ளை, நான் கூட்டல் கழித்தல் சொல்லிக்கொடுத்த பிள்ளை, சீமையில் உட்கார்ந்துகொண்டு என் கணக்கைப் பொய் என்கிறாள். உனக்கு எழுதக் கூடாது என்று வைராக்கியமாக இருந்தேன். ஆனாலும் மனசு கேட்கவில்லை, காலண்டரை எடுத்து எண்ணிப் பார்த்தேன், ஒன்பது இடைவெளியும் இருபத்தெட்டுதான். முப்பத்தொரு வருஷத்தில் எத்தனை காப்பியடித்த விடைத்தாளைப் பிடித்திருப்பேன், என் வீட்டுக்குள் இருந்ததைப் பிடிக்கத் தெரியவில்லை.

அடுத்த கோடு ஆகஸ்டு ஐந்தாம் தேதி, துணி காய வேண்டியது எட்டாம் தேதி. அன்று காலையில் துவரம்பருப்பு புடைக்கிற சாக்கில் கொல்லை வாசலில் உட்கார்ந்தேன். சௌந்தரி என்னைக் கவனிக்கவில்லை. டிரங்குப் பெட்டியிலிருந்து மடித்து வைத்த துணிகளை எடுத்து வந்தாள், மடிப்புக் கூடக் கலையாத சுத்தமான துணி. வாளித் தண்ணீரில் முக்கினாள், பிழிந்தாள், பழைய சேலைக்கு அடியில் காயப்போட்டாள். எனக்குக் கையில் இருந்த சுளகு ஓடவில்லை. ஏளா, இது என்ன கூத்து என்று கேட்டேன். அப்படியே வாளிப் பக்கம் உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்தபடியே சொன்னாள், அத்தை, ரெண்டு தடவ நாளு தள்ளிப் போச்சுன்னு நீங்க கோயில்ல பேரு வாசிக்க வச்சிய, அதுக்குப் பொறவு பாக்குத பொம்பளையெல்லாம் எத்தன மாசம் எத்தன மாசம்னு கேட்டா, இல்லன்னு சொல்ல எனக்கு நாக்கு எழும்பல, மூணாவது தடவ தள்ளிப் போனப்ப ஒங்க மொகத்துல மறுபடி அந்தச் சிரிப்ப பாக்க எனக்குத் தெம்பில்ல, அதான் துணிய நனைச்சுப் போட்டேன் என்றாள். ஐந்து வருஷமாக இது நடக்கிறது ஜீவமணி. விலக்கு நாளில் நம் பெண்கள் அப்பமும் ரசமும் வாங்க எழுந்து போவதில்லையே, கள்ளக் கணக்கு சரியாக இருக்க வேண்டுமே என்று போன கிறிஸ்துமஸ் அன்று திருவிருந்துக்குக் கூட எழுந்து வராமல் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தாள், அந்த மாதம் அவளுக்கு ஒன்றுமே வரவில்லை.

முதலில் அவள்மேல்தான் கோபம் வந்தது, வாய்க்கு வந்தபடி கத்தினேன், அப்பா பத்திரிகையை வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டார். பிறகு யோசித்தால், கோயிலில் தோத்திரக் காணிக்கைக் கவரை நீட்டியது யார். நாற்பத்தைந்து நாள் ஆகிவிட்டது என்றதும், எஸ்றா ஞானசௌந்தரி தம்பதியருக்குத் தேவன் செய்த நன்மைக்காக என்று போதகர் ஐயரவர்களை வாசிக்கச் சொல்லி, வீடு வீடாக மக்ரூன் பொட்டலம் கொடுத்தது நான். அடுத்த வாரமே வந்துவிட்டது. அதற்கடுத்த வருஷமும் அதையே செய்தேன். ஆண்டவர் நன்மை செய்யுமுன்னே ரசீது கொடுத்த அவசரக்காரி நான், அவள் என் சொந்த அண்ணன் மகள், அவள் முகத்தை ஒரு தடவை பார்த்திருந்தால் போதும்.

இப்போது உண்மைக் கணக்கை நாங்கள் இரண்டு பேருமாக உட்கார்ந்து எழுதியிருக்கிறோம், இத்துடன் வைத்திருக்கிறேன். பத்து மாதத்தில் மூன்று தடவைதான், நவம்பர், மார்ச், ஜூன். மூன்று தடவையும் பத்து நாளுக்குக் குறையாமல் போயிருக்கிறது, அதையும் தனியாகவே பட்டிருக்கிறாள். முன்பு அனுப்பிய கோட்டு நகலைக் கிழித்துப் போடு, அதை வைத்து ஏதாவது எழுதி அச்சுக்கு அனுப்பியிருந்தால் உடனே திருப்பி வாங்கு. வருகிற வியாழக்கிழமை மறுபடி மதுரைக்குப் போகிறோம். முதலில் மாதவிலக்கை வரவழைக்க ஒரு மாத்திரை, அதன் ஐந்தாம் நாளிலிருந்து முட்டையை வெளியே கொண்டுவர இன்னொரு மாத்திரை என்று நீ எழுதியிருப்பதை டாக்டரம்மாவிடம் காட்டுவேன். பலிக்குமா பலிக்காதா என்று உறுதி சொல்ல முடியாது என்கிறாய், உன் ஆராய்ச்சி இத்தனை வருஷம் என்னதான் செய்கிறதோ. எஸ்றாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். புது ஹார்பரிலிருந்து வந்தவன் சட்டையைக் கூடக் கழற்றாமல் கேட்டுக்கொண்டிருந்தான், பிறகு எனக்கும் அந்தச் சோதனைய எழுதச் சொல்லு என்றான், அவ்வளவுதான். முந்தாநாள் ஞாயிறு திருவிருந்து. பொய்க் கணக்குப்படி அவள் பெஞ்சில் இருக்க வேண்டிய நாள். எழுந்து வந்து என் பக்கத்தில் முழங்கால் போட்டாள். பின்னால் இருந்து பார்த்த பெண்கள் என்ன கணக்குப் போட்டார்களோ, போடட்டும். நான் கொஞ்சம் தள்ளி இடம் கொடுத்தேன்.

கர்த்தர் உன்னைக் காத்து வழிநடத்துவாராக. குளிரில் வெறுங்காலோடு நடக்காதே, ராத்திரி வெறும் ரொட்டியைத் தின்றுவிட்டுப் படுக்காதே. இன்னும் ஒன்று, உன் பெரிய தாளில் முதல் வரி என் பெயர், அதில் ஒழுங்காக வரும் என்று எழுதியிருந்தேன். அதை அடித்துவிடு. எஸ்றாவுக்கும் உனக்கும் நடுவே ஏழு வருஷம் சும்மா போகவில்லை, ஆறு மாதம் எட்டு மாதம் வராமல் இருந்திருக்கிறேன், உன் அப்பாவுக்குக் கூடச் சொன்னதில்லை. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் புறப்படுமுன் கதவைச் சாத்திக்கொண்டு பத்து நிமிஷம் நிற்பேனே, அம்மா ஜெபம் பண்ணுகிறாள் என்று நீங்கள் சத்தம் போடாமல் இருப்பீர்கள். கண்ணாடி முன் நின்று நாடியில் இருந்த முடியைப் பிடுங்கிக்கொண்டிருந்தேன். அதையும் எழுதிக்கொள். அந்தத் தாளின் நகல் என்னிடம் இருக்கிறது, நேற்று முழுதும் பார்த்தேன், பதினான்கு பெண்களின் வரி நிரம்பியிருக்கிறது, கடைசியில் ஜீவமணி என்று உன் பெயரை நீயே எழுதி அதற்கு நேரே வெறுமனே விட்டிருக்கிறாய். அதை நிரப்பி எனக்கு அனுப்பு. எதுவாக இருந்தாலும் உள்ளபடி எழுது, நான் ஒருத்தரிடமும் சொல்லமாட்டேன், கோயிலிலும் வாசிக்கச் சொல்லமாட்டேன்.

இப்படிக்கு,
உன் பதிலுக்குக் காத்திருக்கும் அம்மா,
பொ. கிருபாபாய்