கூப்பிட்டால் வருகிறவன்

ஸ்ரீவராகம், திருவனந்தபுரம்
வெள்ளிக்கிழமை

அன்புள்ள ரெனி மன்னிக்கு,

விஷ்ணுப்ரியா எழுதுகிறேன். நீங்களும் மஹேஷ் அண்ணாவும் குழந்தையும் அந்தக் குளிரில் நலமாக இருக்க வேண்டும்.

செவ்வாய்க்கிழமை காலையில் அப்பாவிடம் நான் சொல்லாமல் விட்டதை முதலில் எழுதிவிடுகிறேன். அது உங்கள் வார்த்தை இல்லை அப்பா, மன்னியுடைய வார்த்தை. இவ்வளவுதான். சொல்லவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு ஆபீசுக்குப் போய்விட்டேன்.

இதைப் போனில் சொல்ல வழியில்லை. ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் போன் அப்பாவின் கையில்தான் இருக்கும். வாட்ஸப்பில் அனுப்பினால் உங்களுக்கு முன்னால் அண்ணா படிப்பான். அதனால் கையால் எழுதி, பக்கங்களைப் படமெடுத்து உங்கள் ஆபீஸ் மெயிலுக்கு அனுப்புகிறேன். தனியாக இருக்கும்போது படியுங்கள். நீங்கள் வாசலில் சோறு வைத்துப் பழக்கிய பப்படம் இப்போது நம் தெருவில் இல்லை.

எல்லாம் எங்கள் பேப்பரில்தான் தொடங்கியது. கார்ப்பரேஷன் தெருநாய்களைப் பிடித்துத் தடுப்பூசி போட்டு, கருத்தடை செய்து, காது நுனியில் ஒரு துண்டு வெட்டி அடையாளம் வைத்து, பிடித்த தெருவிலேயே திரும்ப விடுகிறார்களே, அதைப் பற்றி மழைக்கு முன்னால் நான் ஒரு கட்டுரை எழுதினேன். நீங்கள் கனடாவுக்குப் புறப்படும் முன்பே பப்படத்தை ஆட்டோவில் கூட்டிப்போய் அதையெல்லாம் செய்து வைத்திருந்தீர்கள். அதனால் எங்கள் போட்டோகிராபர் பிஜு நம் தெருவுக்கே வந்து அவனைப் படமெடுத்தான். வெயிலில் படுத்திருந்தவன் நடுவில் பெரிய கொட்டாவி ஒன்று விட்டான். பிஜு அதையும் எடுத்தான். கட்டுரையோடு வேறு படம் வந்தது. கொட்டாவிப் படம் ஆபீஸ் கம்ப்யூட்டரில் 'நாய்' என்ற பெயரில் கிடந்தது.

போன வாரம் கரமனையில் பள்ளி விட்டு வந்த ஒரு பெண்குழந்தையை ஏதோ ஒரு நாய் காலில் கடித்துவிட்டது. நல்லவேளையாக ஊசிகள் போட்டு, குழந்தை தேறி வருகிறாள். அந்தச் செய்தியை வேறொருவர் எழுதினார். பக்கம் தயாரிக்கும் டெஸ்கில் படம் தேடியிருக்கிறார்கள், கொட்டாவி அகப்பட்டிருக்கிறது. உடம்பை வெட்டிவிட்டுத் தலையை மட்டும் பெரிதாக்கினால் அது பாய வருகிற நாய்தான். பழைய படம் போட்டால் கீழே பொடி எழுத்தில் 'ஃபைல் படம்' என்று சேர்ப்பது எங்கள் வழக்கம். அன்று கடைசி நேரத்தில் ஒரு நகைக்கடை விளம்பரம் ஏறியதில் அந்த ஒரு வரி போய்விட்டது.

காலை காப்பிக்குள் தெருவே அவனை அடையாளம் கண்டுபிடித்துவிட்டது. ஒரு கண்ணுக்கு மேல் இருக்கும் வெள்ளையைத் தெரியாதவர் யார்? அன்று சாயங்காலமே பஜனை மடத்தில் தெருச் சங்கக் கூட்டம். தலைவர் பிச்சுமணி மாமா பேப்பரைத் தூக்கிக் காட்டினார். நான் எழுந்து, இது கொட்டாவி, எடுத்தபோது நான் பக்கத்தில் நின்றிருந்தேன் என்றேன். பேப்பர்லயே வந்தாச்சே கொழந்தே, நீயே அந்தப் பேப்பர்லதானே சம்பளம் வாங்கறே என்றார் மாமா. இங்கிருந்து கரமனைக்கு நாய் பஸ் ஏறிப் போயா கடித்தது என்று கேட்டேன். டிக்கெட் எடுத்திருக்காது என்று பின்னாலிருந்து ஒருவர் சொன்னார். மடம் முழுக்கச் சிரித்தது.

மன்னி, பயத்தைப் பற்றி எனக்கு யாரும் பாடம் நடத்த வேண்டாம். போன வருஷம் வெறிநாய்க் கடியில் மகனைப் பறிகொடுத்த ஒரு அம்மாவின் வீட்டுக்கு நான் போனேன். தண்ணீர் டம்ளரைக் கண்டு அவன் அலறியதை அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டு வந்தேன். அப்படிப்பட்ட பயத்தோடு ஒருவர் அந்தக் கூட்டத்துக்கு வந்திருந்தால் அவர் காலடியில் உட்கார்ந்திருப்பேன். அங்கே இருந்தது உற்சாகம். தயிர்சாதத்தில் எதைக் கலந்தால் சத்தம் வராது என்று ஒருவர் விளக்கினார். சாக்கும் கல்லும் போதும், கரமனை ஆறு இருக்கிறது என்றார் இன்னொருவர். ஏகாதசி தவறாதவர்கள். லலிதாம்பாள் மாமி மட்டும் வாயில் புடவைத் தலைப்பை வைத்துக்கொண்டு, அய்யோ பாவம், என் வாசல்ல வேண்டாம் என்றாள். கொல்வதில் அவளுக்கு ஆட்சேபம் இல்லை, இடத்தில்தான்.

நான் நிறையப் படிக்கிறவள் என்று நீங்கள் கேலி செய்வீர்கள். கொடுமையைப் பற்றிப் படித்ததிலெல்லாம் அது பெரிதாக, சீருடை போட்டுக்கொண்டு வரும். இப்படி விபூதி வாசனையோடு, ஜமக்காளத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்து, சுண்டலைப் பொட்டலத்திலிருந்து கொறித்துக்கொண்டு இருக்கும் என்று எந்தப் புத்தகமும் எனக்குச் சொல்லவில்லை.

முடிக்கும்போது பிச்சுமணி மாமா அப்பாவின் பக்கம் திரும்பினார். நீலகண்டா, எல்லாம் உங்காத்துலேர்ந்துதானே வந்தது, நீதான் ஒரு வழி பண்ணணும் என்றார். அவர் நாயைப் பற்றி மட்டும் பேசினார், வேறு ஜாதியிலிருந்து இந்த வீட்டுக்கு வந்த உங்களைப் பற்றி இல்லை என்று அங்கே ஒருவரும் நினைக்கவில்லை. அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் எங்கள் நியூஸ் எடிட்டர் ஷிஜி சேச்சியிடம் போய், படம் தவறு, ஒரு திருத்தம் போடுங்கள் என்றேன். பட்டி பராதி தந்நோ என்று கேட்டார். நாய் புகார் கொடுத்ததா என்று. சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். பிறகு அவரே இரக்கப்பட்டு விளக்கினார். பாதிக்கப்பட்டவர் எழுதிக் கொடுத்தால்தான் திருத்தம், இங்கே வேலை செய்கிறவர்கள் கொடுக்கக் கூடாது, உங்கள் தெருச் சங்கம் லெட்டர்ஹெட்டில் இரண்டு வரி கொடுத்தால் நாளைக்கே போடுகிறேன் மோளே என்றார். சங்கத்தின் செயலாளர் அப்பாதானே. பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தேன். பஸ்ஸில் வரும்போதே அந்த இரண்டு வரிகளை மனதுக்குள் எழுதி முடித்துவிட்டேன்.

அப்பா ஆகட்டும்டி, எழுதித் தரேன் என்றார். மறுநாளும் கேட்டேன், ஆகட்டும் என்றார். அதற்குள் கார்ப்பரேஷன் ஆட்கள் வண்டியோடு வந்தார்கள். பப்படத்தின் காதைப் பார்த்தார்கள். இதுக்கு எல்லாம் செய்தாச்சு, எடுத்துக்கொண்டு போக எங்களுக்கு அனுமதி இல்லை, இது இங்கேதான் இருக்கணும் என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார்கள். பிச்சுமணி மாமா வண்டிக்குப் பின்னால் கொஞ்ச தூரம் கத்திக்கொண்டே போனார். எனக்குள் அப்போது சந்தோஷம்கூட வந்தது. சட்டம் என்று ஒன்று இருக்கிறதே என்று.

தெருக்காரர்கள் அவனைப் பிடிக்கத் தனியாக ஆள் வைத்தார்கள். ஆனால் உங்களுக்குத் தெரியும், அவன் அந்நியர் கையில் சாப்பிட மாட்டான். பிஸ்கட்டைக் காட்டினால் எழுந்து தள்ளிப் போய்ப் படுத்துக்கொள்வான். அப்படித்தான் நீங்கள் பழக்கினீர்கள்.

செவ்வாய்க்கிழமை காலையில் நான் தலை வாரிக்கொண்டிருந்தேன். வாசலில் மக்களே, வா மக்களே என்று குரல் கேட்டது. ஒரு நொடி நீங்கள் வந்துவிட்டீர்கள் என்றே நினைத்தேன். உங்கள் ஊர்ப் பக்கம் பெற்ற பிள்ளையை, பக்கத்து வீட்டுப் பிள்ளையை, ஆசையாகக் கூப்பிடுகிற வார்த்தை. நீங்கள் இந்த வீட்டில் இருந்த இரண்டு வருஷமும் அப்பா அதைச் சொல்லிக் காட்டிச் சிரித்திருக்கிறார். நாய்க்கு மக்களே, எனக்கு என்னவாம் என்று. அன்று அதே வார்த்தையை, அதே இழுப்போடு, கையில் தயிர்சாதம் பிசைந்த நம் வீட்டுத் தட்டை வைத்துக்கொண்டு கூப்பிட்டார். அவன் வாலை ஆட்டிக்கொண்டு வந்து தட்டில் வாயை வைத்தான். கம்பிச் சுருக்கோடு இரண்டு பேர் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தார்கள். நான் வாசலுக்கு வருவதற்குள் வேனின் கதவு சாத்தியாகிவிட்டது.

அப்பா தட்டைக் குழாயடியில் அலம்பிக்கொண்டே, கொல்லச் சொல்லலைடி, பொன்முடி ரோட்டுல விடச் சொல்லியிருக்கேன், நல்ல காத்து, நல்ல தண்ணி, நமக்கே கிடைக்காது என்றார். அப்போதுதான் நான் அந்த வார்த்தையைச் சொல்லியிருக்க வேண்டும்.

அன்று ஆபீசில் என் வேலை, மாவட்டத்தில் இந்த மாதம் நாய்க்கடிக்குச் சிகிச்சை பெற்றவர்களின் கணக்கை எழுதுவது. எழுதினேன். 'தெருநாய்த் தொல்லை' என்று எங்கள் வழக்கப்படி தலைப்பும் கொடுத்தேன். கையைக் கழுவிக்கொண்டு வந்து சாப்பிட உட்கார்ந்தால், டிபன் டப்பாவில் காலையில் அப்பா பிசைந்த அதே தயிர்சாதம் இருந்தது. மூடிவிட்டேன்.

சாயங்காலம் லலிதாம்பாள் மாமி வீட்டிலிருந்து நமக்குப் பாயசம் வந்தது. உங்கள் கல்யாணத்துக்குப் பிறகு அந்த வீட்டிலிருந்து நம் வீட்டுக்கு ஒன்றும் வந்ததில்லை. அப்பா டம்ளரை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அவர் முகத்தில் இருந்த நிம்மதியை உங்களுக்கு எப்படி எழுதுவேன்? பிச்சுமணி மாமா உற்சவக் கமிட்டிக்கு அவரைக் கூப்பிட்டிருக்கிறாராம். அதை என்னிடம் சொல்லும்போது குழந்தை மாதிரி இருந்தார். என் பங்குப் பாயசத்தைச் சிங்க்கில் கொட்டிவிட்டு நிறையத் தண்ணீர் விட்டேன். முந்திரி ஒன்று துவாரத்தில் அடைத்துக்கொண்டு போக மறுத்தது, விரலால் தள்ளினேன்.

அவன் படுத்திருந்த இடத்தில் இப்போது வேறு இரண்டு நாய்கள் வந்துவிட்டன. காது முழுதாக இருக்கிறது, ஊசி போட்டவை இல்லை. போகிற வருகிறவர்களைப் பார்த்து உறுமுகின்றன. தெருவில் இன்னும் யாரும் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

நேற்று எனக்கு விடுமுறை. பிஜு பைக்கில் பொன்முடிக்குக் கூட்டிப்போனான். படம் எடுத்தது அவன் என்பதால் அவனாகவே வந்தான். வளைவுகளில் எல்லாம் இறங்கி இறங்கித் தேடினோம். எஸ்டேட் தொழிலாளர் லைனுக்குப் பக்கத்தில் டீக்கடை வைத்திருக்கும் தங்கபாய் அக்காவிடம் படத்தைக் காட்டினோம். சிட்டியில வேண்டாததை எல்லாம் இங்கதானே கொண்டாந்து தட்டுதாவ, எதைன்னு பாத்து வைக்க என்றார். உங்கள் ஊர்ப் பேச்சு. பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, கண்ணில் பட்டால் கூப்பிடுகிறேன் என்று நம்பர் வாங்கிக்கொண்டார். நானும் மக்களே என்று கூப்பிட்டுப் பார்த்தேன், மன்னி. எனக்கு அது வரவில்லை. இன்னொருவர் புடவையைக் கட்டிக்கொண்ட மாதிரி இருந்தது. பிஜு கொஞ்ச நேரம் கூப்பிட்டுவிட்டு, பைக்கைத் துடைக்கிற மாதிரி திரும்பி நின்றுகொண்டான்.

சங்கத்தின் கடிதத்தை இப்போதும் அப்பாவிடம் கேட்கலாம். கேட்டால் இனி எழுதித் தருவார் என்றுதான் நினைக்கிறேன். அதனாலேயே கேட்கவில்லை.

உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இந்த ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் அப்பாவிடம் பப்படத்தைப் பற்றிக் கேட்காதீர்கள். நன்னா இருக்கான் என்பார். அவர் பக்கத்தில் நின்று நான் அதைக் கேட்க வேண்டியிருக்கும். ஏப்ரலில் வருவதாகச் சொன்னீர்களே, இதை வைத்து அதை நிறுத்திவிடாதீர்கள். இந்த வீட்டுக்குத்தான் வர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. எங்கே தங்கினாலும் நான் அங்கே வருகிறேன். குழந்தையைத் தூக்கிக்கொண்டு, நீங்கள் அவனை மக்களே என்று கூப்பிடுவதைக் கேட்டுக்கொண்டு கொஞ்ச நாள் இருக்க வேண்டும். நல்லபடியாக வந்து சேருங்கள்.

உங்கள் அன்பை ஒருபோதும் மறக்காத,
விஷ்ணுப்ரியா

சனிக்கிழமை. இதை அனுப்புவதற்குள் தங்கபாய் அக்கா போன் செய்தார். பஸ் டிரைவர் ஒருவர் அவரிடம் சொல்லியிருக்கிறார். பப்படம் மலையிறங்கி, விதுராவையும் தாண்டி, நம் ஊர்ப் பக்கமாகவே வந்திருக்கிறான். லாரி அடித்து ரோட்டோரம் கிடந்தான். பிஜுவும் நானும் போய்ப் புதைத்துவிட்டு வந்தோம்.