நன்றி என்று எழுத மறுத்தவளுக்கு

ஜெலுத்தோங், பினாங்கு

அன்பு மகள் ஷர்மினிக்கு அம்மா எழுதுவது.

இங்கே நான், அப்பா, தம்பி மூவரும் சுகம். லண்டன் குளிரில் நீயும் உடம்பைக் கெடுத்துக்கொள்ளாமல் இருக்க வேண்டும் என்று மாரியம்மனைக் கும்பிட்டுவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன். தம்பி தனேஷுக்கு புக்கிட் தெங்கா தொழிற்சாலையில் சூப்பர்வைசர் வேலை கிடைத்துவிட்டது, ஒரு பழைய காரை வாங்கி தினமும் கழுவுகிறான், சாப்பிட்ட தட்டை மட்டும் கழுவமாட்டான். அன்றைக்குப் போனில் நீ அழுதாய், போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். வேலையைத் தொலைத்தது முட்டாள்தனமாம்மா என்று கேட்டாய். இல்லவே இல்லை. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

போன வருஷம் அந்த வெள்ளைக்காரக் கம்பெனி நிபோங் திபால் பக்கம் ஒரு பழைய ரப்பர்த் தோட்டத்தில் டிவி தொடர் எடுக்க வந்தபோது, உன் அப்பாவைக் கூலியாக நடிக்கப் பிடித்துத் தள்ளியது நான்தான். மாக் மண்டின் தொழிற்சாலையில் ஓய்வு பெற்று வந்த நாளிலிருந்து வீட்டில் என் சமையலுக்குக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார், ஒரு நாளாவது தொலையட்டுமே என்று நினைத்தேன். துரை வந்து காய்ச்சல் மருந்து கொடுப்பார், கூலிகள் எல்லாரும் கைகூப்பி நிற்க வேண்டும், உங்கள் பாஷையில் எதையாவது பேசுங்கள், யாருக்கும் புரியப்போவதில்லை என்று அங்கே சொன்னார்களாம். என்ன பேசினீர்கள் என்று கேட்டதற்கு, சாப்பாடு சரியில்லை என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டார்.

அந்தத் தொடர் சப்டைட்டில் போட உன் ஆபீசுக்கே வரும் என்று யார் கண்டது? ஹெட்போன் மாட்டிக் கேட்டுவிட்டு நீ போனில் சொன்னபோது நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு மலாய்க்கார ஹாஜரா கதவைத் தட்டிவிட்டாள். அப்பாவோடு கூலி வேஷம் போட்ட நம்ம நாதன் அண்ணன் துரையைப் பார்த்துக் கண் கலங்கி, மீகூன் ஊசிப் போச்சு லா, இதத் தின்னுட்டு எப்படி நிக்கிறது என்கிறாராம். அவருக்குப் பக்கத்தில் உன் அப்பா கூப்பிய கையோடு, நான் கும்பிடல, கும்பிடச் சொன்னானுங்க என்கிறாராம். முப்பது வருஷம் அவரோடு குடித்தனம் பண்ணியிருக்கிறேன், இந்த மனுஷனுக்குள் இது இருக்கிறது என்று எனக்குத் தெரியாது.

பேசினதைப் பேசினபடியே நீ எழுதிக் கொடுத்தாய். காட்சி கெட்டுப்போகிறது, கூலிகள் நன்றியோடு முணுமுணுக்கிறார்கள் என்று மாற்று என்றார் உன் மேலதிகாரி. எதுவும் போடாமல் வேண்டுமானால் விடுங்கள், நன்றி என்று என் கையால் எழுதமாட்டேன் என்று நீ சொன்னாய். அதோடு உன் ஒப்பந்தம் முடிந்தது. எனக்கு இதில் ஆச்சரியமே இல்லை கண்ணு. கான்வென்ட் நூலகத்தில் நான் படித்த கதைப் புத்தகம் எல்லாம் இப்படித்தான். காட்டில் தொலைந்துபோன வெள்ளைக்காரப் பிள்ளையைக் காப்பாற்றி வேலைக்காரன் சாவான், அவனுக்குப் பேர் கூட இருக்காது, சாகும்போதும் துரையம்மாவுக்கு நன்றி சொல்லிவிட்டுத்தான் சாவான். அதே கதையில் குதிரைக்குப் பேர் இருக்கும், அது செத்தால் நாலு பக்கம் அழுவார்கள். இன்றைக்கும் பெரிய கேமரா, நல்ல கலர், ஆனால் நன்றி மட்டும் நம்மிடமிருந்துதான் வேண்டியிருக்கிறது.

நேற்று தனேஷ் பெரிய டிவியில் போட்டான். நாதன் அண்ணன் குடும்பத்தோடு வந்தார், ஹாஜராவும் வந்தாள். கீழே கூலிகள் நன்றியோடு முணுமுணுக்கிறார்கள் என்றே எழுத்து வந்தது, உனக்குப் பதில் வேறு யாரோ எழுதிவிட்டார்கள். மேலே அப்பா தெளிவாகப் பேசுகிறார். வீடே கைதட்டியது. ஹாஜராவுக்கு நான் மலாயில் சொன்னதும், இதுக்கா உன் மகளுக்கு வேலை போச்சு என்று கேட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள், விடவே இல்லை. இன்று பாசாரில் மீன் வாங்கப் போன இடத்தில் நானாகவே வலியப் போய் நாலு பேரிடம் சொன்னேன். பெருமைதான், அதில் என்ன வெட்கம்?

வேறு வேலை கிடைக்கும், அவசரப்பட்டு எதிலும் கையெழுத்துப் போடாதே. வேளாவேளைக்குச் சோறு சாப்பிடு, ரொட்டியைக் கடித்துக்கொண்டு காலம் தள்ளாதே. கிடைக்காவிட்டால் விமானம் ஏறி வா, உன் அறையில் தனேஷ் குவித்திருக்கும் சாமான்களை நான் வெளியே வீசிக்கொள்கிறேன். எல்லாச் செல்வமும் பெற்று நீ நன்றாக இருப்பாய், அம்மா மனசார வாழ்த்துகிறேன். சனிக்கிழமை மறக்காமல் போன் பண்ணு, அப்பா காத்திருப்பார். அவர் உனக்கு எழுதச் சொன்னது ஒன்றே ஒன்றுதான், அதைச் சொல்லும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டார். யாரும் கேக்கமாட்டாங்கன்னுதான் அன்னைக்கு அப்படிச் சொன்னேன், என் மக கேட்டுட்டா என்றார்.

இப்படிக்கு,
உன் அம்மா
சந்திரிகா குணாளன்