கோரிக்கை நிவர்த்தி செய்யப்பட்டது

மே 19, திங்கள்

காலை எட்டு மணிக்கே வெயில் மண்டையைப் பிளக்குது. நாங்கள் கூலிக்குப் போகிற ராஜாண்ணன் ஷெட்டில் புதுப் பட்டுப்புழு இறக்கியிருக்கிறார்கள். இன்னும் பொடிசு. சூடு தாங்காது. கூரைக் கீற்றுக்குத் தண்ணீர் அடித்து, சுற்றிலும் ஈரச் சாக்கு தொங்கவிட்டு, பிறகு தோட்டத்தில் மல்பெரி தழை வெட்டல். நான், நந்தினி, அம்மா. நந்தினி என்கூட ஒன்றாம் வகுப்பிலிருந்து. ஒரு வருஷமாகப் பட்டுப்புழு ஷெட்டிலும் என்கூட. இன்னமும் புழுவைக் கையால் தொட மாட்டாள். குச்சியால் தள்ளுவாள்.

செருப்பு வார் அறுந்தது. ஊக்கு குத்தியிருக்கிறேன்.

சாயங்காலம் ஹெச்.எம். டீச்சர் ஆள் அனுப்பியிருந்தார். போன வருஷம் பத்தாவது பாஸ் பண்ணிவிட்டு நின்றுவிட்ட பெண்கள் எல்லோரும் புதன்கிழமை பள்ளிக்கு வரணுமாம். எதற்கென்று சொல்லவில்லை. மார்க் ஷீட்டில் ஏதாவது தப்போ?

மே 21, புதன்

போனோம். ஆறு பேர். இன்னும் ரெண்டு பேருக்குக் கல்யாணம் ஆகிவிட்டது, அவர்கள் வரவில்லை.

பெஞ்சில் உட்கார்ந்ததும் பழைய வாசனை. சாக்பீஸ், வவ்வால் எச்சம்.

விஷயம் இதுதான். எங்கள் பள்ளியைப் பன்னிரண்டாவது வரைக்கும் உயர்த்தினார்கள், ஆனால் கொடுத்தது காமர்ஸ் குரூப் ஒன்றுதான். சயின்ஸ் வேண்டுமானால் ரோட்டு மேலே இருக்கிற பெரிய பள்ளிக்கோ பென்னாகரத்துக்கோ போகணும். இந்த வருஷம் எங்கள் பக்கத்துக்குப் புதிதாக ஒரு பயாலஜி குரூப் வருகிறதாம். லேபும் கூடவே. எங்களுக்கா, ரோட்டுப் பள்ளிக்கா என்று முடிவு பண்ண வருகிற செவ்வாய்க்கிழமை பெரிய ஆபீசர் வருகிறார். ரோட்டுப் பள்ளியில் ஏற்கனவே கம்ப்யூட்டர் குரூப் இருக்கு, கணக்கு குரூப் இருக்கு. எங்களிடம் வவ்வால் இருக்கு.

ஹெச்.எம். சொன்னது: "நான் கேட்டா, டீச்சரு அவுங்க பள்ளிக்கூடத்துக்குக் கேக்கறாங்கன்னு போயிடுவாங்க. குரூப் இல்லாம நின்னது நீங்க. நீங்க சொல்லணும்."

ஆறு பேரும் தரையைப் பார்த்தோம்.

சயின்ஸில் அதிக மார்க் நான்தான் என்று டீச்சருக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. கௌசல்யா பேசட்டும் என்றார். நந்தினி சிரித்துவிட்டாள். "டீச்சர், இவ ரேசன் கடையில சக்கரை ஏன் கொறையுதுன்னுகூட கேக்க மாட்டாளுங்க."

காதெல்லாம் சூடு. மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அதுவும் ஒரு வாய்ப்பேச்சுதானே, அதுவும் வராது எனக்கு.

இரவு அப்பாவிடம் அம்மா சொன்னாள். அப்பா போன வருஷம் சொன்னதையேதான் சொன்னார். உள்ளூரில் இருந்தால் படிக்கட்டும், வேண்டாமென்று யார் சொன்னது. பஸ் ஏறி, இறங்கி, தைலமரத் தோப்பு வழியாக இருட்டில் நடந்து வருகிற படிப்பு வேண்டாம். அப்பா கெட்டவர் இல்லை. போன வருஷம் கீழ்த்தெரு அக்கா ஒருத்தி அப்படித்தான் போனாள். ஒரு மாசம். சாயங்கால பஸ் வராத ஒரு நாளுக்கு அப்புறம் அவளும் நின்றுவிட்டாள். அன்றைக்கு என்ன ஆச்சென்று அவளும் சொல்லவில்லை, யாரும் கேட்கவுமில்லை.

மே 23, வெள்ளி

புழு தோல் உரிக்கப் படுத்திருக்கிறது. தழை கிடையாது. சுண்ணாம்புத் தூள் மட்டும் தூவல்.

ஷெட்டில் நான் தனி. கதவைச் சாத்திவிட்டு தட்டுகளைப் பார்த்துப் பேசிப் பார்த்தேன். "வணக்கம் சார். என் பெயர் கௌசல்யா." எல்லாப் புழுவும் தலையைத் தூக்கி வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தது. தோல் உரிக்கும்போது அப்படித்தான் இருக்கும். கேட்கிற மாதிரியே இருந்தது. இவ்வளவு மரியாதையாக யாரும் நான் பேசிக் கேட்டதில்லை.

நாலாவது தடவை குரல் நடுங்கவில்லை.

நந்தினி தைரியமாகத்தான் இருக்கிறாள், ஆனால் அவளுக்குத்தான் அவசரம். திருப்பூர் மில்லுக்கு ஆள் எடுக்கிறவர் அவள் வூட்டுக்கு ரெண்டு தடவை வந்துவிட்டார். பள்ளிக்கூடம் திறக்கிற வரைக்கும் பார்க்கலாம் என்று அவள் அப்பா சொல்லியிருக்கிறார். குரூப் வந்தால் படிப்பு. வராவிட்டால் மில். "நீ நல்லா பேசுடி, என் பொழப்பு உன் வாயில இருக்குது" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

ராஜாண்ணன் மகள் காவ்யா தர்மபுரியில் பிரைவேட் பள்ளி. பயோ-மேத்ஸ். வேன் வாசலுக்கே வரும். நேற்று என்னிடம், "ஏன் கௌசி, நீ எந்த குரூப் எடுத்த?" என்று கேட்டாள். தெரியாமல்தான் கேட்டாள். தழைக் கட்டு என் தலை மேல் இருந்தது.

மே 26, திங்கள்

செய்ய வேண்டியது:
பழைய யூனிஃபார்ம் துவைக்க (இடுப்பு பத்தவில்லை, அம்மா தையல் பிரித்துவிட்டாள்)
ரிப்பன்
ஊக்கு இன்னொன்று
தூங்க

பள்ளியில் மூலை ரூமைப் பெருக்கிக் கழுவினோம். லேப் வந்தால் இங்கேதான் என்று ஹெச்.எம். காட்டினார். தண்ணீர்க் குழாய் இங்கே, மேசை அங்கே. சுவரில் விரலால் கோடு போட்டே காட்டினார். நாங்கள் மேசை நிற்கப்போகிற இடத்தை மிதிக்காமல் சுற்றி நடந்தோம். யாரும் சொல்லி அப்படி நடக்கவில்லை.

மே 27, செவ்வாய்

எழுதியே ஆகணும்.

பத்து மணி என்றார்கள். மதியச் சோற்று நேரம் தாண்டி வந்தார். முதலில் ரோட்டுப் பள்ளிக்குப் போய், அங்கே சாப்பாடும் முடித்து. ரெண்டு கார். எங்கள் ஊர் ரோட்டைத் திட்டிக்கொண்டே இறங்கினார்.

என்னை எழுந்து நிற்கச் சொன்னார்கள். ஏம்மா படிப்பை நிறுத்தின என்று கேட்டார். புழுத் தட்டை நினைத்துக்கொண்டேன். பேசினேன்.

"இங்க பயாலஜி குரூப் இல்லைங்க சார். இருந்தா நாங்க ஆறு பேரும் படிப்போம். எங்களுக்குப் பின்னாடி வர்றவங்களும் படிப்பாங்க. ரோட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போய் வர பஸ் ஒத்து வராதுங்க. எங்க பள்ளிக்கே குடுங்க சார்."

ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். நந்தினி பெஞ்சுக்கு அடியில் என் பாவாடையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அவருக்குச் சந்தோஷம். நல்லா பேசற பாப்பா என்றார். என்ன ஆகப் போறே? நர்ஸ் என்றேன். ஏன், டாக்டர்னு சொல்றது என்றார். கூட வந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அப்புறம் பின்னால் திரும்பி ஒருவரிடம், "இந்தப் பொண்ணைக் குறிச்சுக்கங்க. தர்மபுரி அரசு மாதிரிப் பள்ளியில சேத்துடலாம். ஹாஸ்டல் இருக்கு, சாப்பாடு இருக்கு, நீட் கோச்சிங் இருக்கு" என்றார். என்னைப் பார்த்து, "போதுமா?" என்றார்.

கைதட்டல். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. தலையாட்டிவிட்டேன்.

ஹெச்.எம். கை தட்டவில்லை. சார், குரூப் விஷயம், ரூம் ரெடியா இருக்குதுங்க, ஒரு நிமிசம் பாத்துட்டு, என்று பின்னாலேயே போனார். பாக்கலாம்மா, பாக்கலாம் என்றார் ஆபீசர். கார் கதவு சாத்திக்கொண்டது.

மூலை ரூமை யாரும் திறந்துகூடப் பார்க்கவில்லை.

போகும் முன் என்னைப் பக்கத்தில் நிறுத்தி போட்டோ எடுத்தார்கள்.

மே 28, புதன்

போட்டோ ஊர் வாட்ஸ்அப் குரூப்பில். 'நம் ஊர் மாணவிக்கு மாதிரிப் பள்ளியில் இடம்.' கீழே கைகூப்பின படமாக வரிசை. என் தலை பாதி வெட்டி, ஆபீசர் முழுசாக.

பால் சொசைட்டியில் ஒரு பெரியவர் அப்பாவுக்கு டீ வாங்கிக் கொடுத்தாராம். அப்பா அதை மூன்று தடவை சொன்னார். ஹாஸ்டல் என்றால் இருட்டில் நடக்க வேண்டாம்தானே என்றார் தானாகவே. அம்மா பெட்டியை இறக்கித் துடைத்தாள். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. பொய் எழுத மாட்டேன். ராத்திரி முழுக்க சந்தோஷமாக இருந்தது.

நந்தினி தழை வெட்ட வரவில்லை. தண்ணீர்க் குழாயில் பார்த்தேன். குடத்தை வைத்துவிட்டு நின்றாள்.

"எப்ப போறே?"

தெரியலைடி என்றேன். நம்ம ஆறு பேருக்கும் சேத்துத்தான் கேட்டேன் என்றேன்.

"கேட்ட. நான் பக்கத்துலதான இருந்தேன். ஆறு பேருக்குக் கேட்ட, ஒருத்திக்குக் குடுத்தாங்க, நீ தலைய ஆட்டுன."

அவளுக்குக் குடம் தூக்கிவிடப் போனேன். அவளே தூக்கிக்கொண்டாள்.

ஜூன் 2, திங்கள்

பள்ளி திறந்தாச்சு. தெருவில் யூனிஃபார்ம். நான் வூட்டுக்குள்ளேயே. ஹாஸ்டலிலிருந்து போன் வருமென்று.

புழு கூடு கட்டும் முன் வருகிற கடைசிப் பசியில் இருக்கிறது. எவ்வளவு தழை போட்டாலும் பத்தவில்லை. ஷெட்டுக்குள் மழை பெய்கிற மாதிரி தின்கிற சத்தம். அம்மா ஒருத்தியால் முடியாது என்று மதியம் நானும் போனேன்.

சாயங்காலம் ஹெச்.எம். கூப்பிட்டனுப்பினார். பயாலஜி குரூப் ரோட்டுப் பள்ளிக்குப் போய்விட்டது. அங்கே லேப் கட்டடம் இருக்கிறதாம். எங்களிடம் கட்டடம் இல்லாததால் குரூப் இல்லை, குரூப் இல்லாததால் கட்டடம் இல்லை.

ஹெச்.எம். விட்டுவிடாமல் ஆபீசுக்கு மறுபடி எழுதிக் கேட்டிருக்கிறார். பதில் வந்திருக்கிறது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு வரியை எனக்குப் படித்துக் காட்டினார்: 'மேற்படி பள்ளி மாணவியின் கோரிக்கை நிவர்த்தி செய்யப்பட்டது.'

அப்படின்னா என்னங்க டீச்சர் என்றேன்.

"உங்க ஊர்ல கேட்டது ஒரு பொண்ணு, அதுக்குக் குடுத்தாச்சு, இனிமே யாருக்கும் குறையில்லன்னு அர்த்தம்."

என்மேல் கோபமா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. அவர் ரூம் ஃபேனில் ஒரு இறக்கை வளைந்திருக்கிறது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் 5, வியாழன்

அப்பா, நான், தர்மபுரி. மாதிரிப் பள்ளி. கேட்டிலேயே ஒரு மணி நேரம். வாட்ஸ்அப் போட்டோவை அப்பா வாட்ச்மேனிடம் காட்டினார், அப்புறம் ஆபீஸ் அம்மாவிடம் காட்டினார். அந்த அம்மா நல்ல மாதிரி. உட்கார வைத்தார். சேர்க்கை எல்லாம் முன்னாடியே முடிந்துவிட்டதாம். இந்த வருஷம் பத்தாவது முடித்தவர்களைத்தான் எடுப்பார்களாம். போன வருஷம் முடித்தவர்களுக்கு வழியே இல்லையாம். சார் எதுவும் சொல்லி அனுப்பலையே என்றார். வேறு யாரையாவது கேட்டுப் பார்க்கிறேன் என்று உள்ளே போய் வந்தார். கையை விரித்தார்.

உள்ளே மைதானத்தில் பெண்கள் வரிசையாகப் போனார்கள். எல்லோரும் ஒரே மாதிரி பை. யார்மேலும் கோபம் வரவில்லை. பையைத்தான் பார்த்தேன்.

பஸ் ஸ்டாண்டில் அப்பா எனக்குப் புரோட்டா வாங்கிக் கொடுத்தார். அவர் சாப்பிடவில்லை. பஸ்ஸில் நல்லம்பள்ளிக்காரர் ஒருவர் பொண்ணு என்ன படிக்குது என்று கேட்டார். லீவுல இருக்குதுங்க என்றார் அப்பா.

ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் இதை யாரும் போடவில்லை.

ஜூன் 8, ஞாயிறு

நந்தினி மில்லுக்குப் போனாள். அவளோடு இன்னும் ரெண்டு பேர், ஆறு பேரில் இருந்தவர்கள்தான். வெள்ளை வேன். ஆள் எடுக்கிறவர் எல்லோருக்கும் பிஸ்கட் கொடுத்தார்.

போகலாமா வேண்டாமா என்று நின்று, கடைசியில் போனேன். எனக்குச் சீட்டு கிடைக்காத விஷயம் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. வேனில் ஏறிவிட்டு ஜன்னலைத் திறந்தாள்.

"உனக்காச்சும் கெடச்சிருக்கலாம்டி."

அன்றைக்குக் குழாயடியில் சொன்னதைவிட இது வலித்தது. வேன் திரும்ப இடமில்லாமல் ரிவர்சிலேயே தெருமுனை வரைக்கும் போனது. அதுவரைக்கும் நாங்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியதாகிவிட்டது.

தலைவலி. அம்மா சுக்கு அரைத்துப் போட்டாள்.

ஜூன் 11, புதன்

பட்டுக் கூடு எடுத்தோம். நல்ல கூடு. ராஜாண்ணனுக்கு வாயெல்லாம் பல். நாளை காலை தர்மபுரி கூடு மார்க்கெட்.

மதியம் ஷெட் வாசலில் ஹெச்.எம். டீச்சர். குடை, வியர்வை. வெளி ஆள் உள்ளே வரக்கூடாது என்பதால் வெளியிலேயே நின்றார். நான் கதவருகில்.

காமர்ஸ் குரூப்பில் இந்த வருஷம் பிள்ளைகள் சேரவில்லையாம். இப்படியே போனால் அதையும் எடுத்து ரோட்டுப் பள்ளியோடு சேர்த்துவிடுவார்களாம். நீ வந்து சேரும்மா, உன்னைப் பார்த்து நாலு பேர் வருவார்கள், ஒரு வருஷம் காப்பாற்றினால் அடுத்த வருஷம் மறுபடி பயாலஜி கேட்கலாம் என்றார். டீச்சர் கெஞ்சி நான் பார்த்ததில்லை. பார்க்க வேண்டாமென்றிருந்தது.

சேர்ந்தால், இந்த ஊர்ப் பெண்களுக்குக் காமர்ஸே போதும் என்று ஆபீசில் எழுதுவார்கள். சேராவிட்டால், இந்த ஊரில் படிக்கவே ஆளில்லை என்று எழுதுவார்கள். எது செய்தாலும் அவர்களிடம் ஒரு வரி தயாராக இருக்கிறது.

"ஏதாவது சொல்லு கௌசல்யா. நல்லா பேசுவியே."

"அன்னைக்கே பேசிட்டேங்க டீச்சர்."

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் அவருக்குக் கேட்டது. குடையை விரித்துக்கொண்டார். அப்புறம் வரப்பு வழியாகப் போனார். அவர் செய்த தப்பு ஒன்றுமில்லை. ஓடிப் போய்க் கூப்பிடலாமா என்றிருந்தது.

உள்ளேயிருந்து அம்மா, யாருடி அது என்றாள். பள்ளிக்கூடத்திலிருந்து என்றேன். என்னவாம் என்றாள். ஒண்ணுமில்லை, ஆள் சேக்கறாங்களாம் என்றேன்.