பம்பரத்தைப் பார்க்க வந்தவள்

பிப்ரவரி 9

அன்புள்ள மருமகளுக்கு,

அத்தை எழுதுவது. நான் நலம் என்று எழுதினால் நீ நம்பமாட்டாய், நலமில்லை என்று எழுதினால் கவலைப்படுவாய். அதனால் கடை நன்றாக நடக்கிறது என்று மட்டும் எழுதுகிறேன். பள்ளிச் சீருடை நிறைய வந்திருக்கிறது. பொத்தான் துளைக்குக் காஜா எடுக்கிற பெண் வேலையை விட்டு நின்றுவிட்டாள். கண்ணாடி போட்டும் எனக்கு ஊசியில் நூல் நுழைவதில்லை.

நீ எப்போது வரப்போகிறாய்? போன மழைக்காலத்தில் என் பிள்ளை போனான். இப்போது கோடையே வரப்போகிறது. நீ இன்னும் அந்த யானைக் காப்பகத்திலேயே, அவனைக் கொன்ற மிருகத்துக்கே தீனி போட்டுக்கொண்டிருக்கிறாய். கேட்கிறவர்களுக்கு நான் என்ன பதில் சொல்வது? யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். அதை வளர்த்தவனுக்கு என்ன விலை என்று யாரும் சொல்லி வைக்கவில்லை.

எப்படி நடந்தது என்று மட்டும் எழுதாதே. போனில் நீ ஆரம்பித்தபோதே வைத்துவிட்டேன், ஞாபகம் இருக்கும். முன்னறையைச் சுத்தம் செய்து வைத்திருக்கிறேன். உனக்குத்தான்.

இப்படிக்கு,
அத்தை

*

பிப்ரவரி 20

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். காஜா எடுக்க வேறு ஆள் வரும்வரை பெரிய சட்டைகளை ஒத்துக்கொள்ளாதீர்கள். கண் முக்கியம்.

இங்கே தலைக்கு மேல் வேலை. இந்த மாதம் மட்டும் இரண்டு குட்டிகள் வந்துவிட்டன. ஒன்றைச் சேற்றுக்குழியிலிருந்து தூக்கி வந்தார்கள். இன்னொன்று செத்துப்போன தாயைவிட்டு நகரமாட்டேன் என்று நின்றதாம். இரவும் பகலும் மூன்று மணிக்கொரு தடவை பால் கொடுக்க வேண்டும். மாவு கட்டி தட்டாமல் கலக்குவது என் பொறுப்பு. புட்டியைக் கையில் எடுத்தாலே கால்களுக்கு நடுவில் புகுந்துவிடுவார்கள், துணி துவைக்கக்கூட விடுவதில்லை.

நீங்கள் சொல்கிற அந்த மிருகத்தின் பெயர் பம்பரம். வந்த நாளில் அவர் இடுப்பளவுதான் இருந்ததாம், அவரையே சுற்றிச்சுற்றி வந்ததால் வைத்த பெயர். எங்கள் கல்யாணத்துக்கு அவர் இரண்டு நாள் லீவு போட்டதற்கு இரண்டு நாளும் அது பால் குடிக்கவில்லை என்று உங்களிடமே சொல்லிச் சிரித்திருக்கிறார். இப்போது அது வேறு யாரையும் கிட்டே விடுவதில்லை. நான் குரல் கொடுத்துவிட்டு இலையை வைத்துத் தள்ளிப் போனால் கொஞ்சம் தின்கிறது. அதை எப்படி விட்டுவிட்டு வருவேன் அத்தை?

ஒரு தடவை வந்து பாருங்கள். காலையில் பார்வையாளர்களை விடுகிறார்கள். வந்து பார்த்தபிறகு திட்டுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.

உங்கள் மருமகள்

*

மார்ச் 4

மருமகளுக்கு,

வருகிறேன். நான் சீருடை தைக்கிற பள்ளிப் பிள்ளைகளை அங்கே சுற்றுலா கூட்டிவருகிறார்கள். டீச்சரிடம் கேட்டேன், பஸ்ஸில் ஓர் இடம் கொடுத்தார். யாரைப் பார்க்கப் போகிறேன் என்று அவரிடம் சொல்லவில்லை. நீயும் அங்கே யாரிடமும் சொல்லாதே. அவனுடைய அம்மா என்று யாராவது கையைப் பிடித்துக்கொண்டு அழுதால் என்னால் தாங்க முடியாது.

மன்னிக்க வருகிறேன் என்று நினைத்துவிடாதே. அதை நேருக்கு நேர் ஒரு தடவை பார்க்க வேண்டும். பெற்ற வயிறு கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டு வந்துவிடுவேன்.

அத்தை

*

மார்ச் 18

அன்புள்ள மருமகளுக்கு,

சொல்லாமல் பஸ் ஏறிவிட்டேன். நீ பால் அறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்து தேடியிருப்பாய். நின்று பேசியிருந்தால் அங்கேயே உட்கார்ந்திருப்பேன், எழுந்திருக்க முடிந்திருக்காது. அதனால்தான்.

நீ உள்ளே போனபின் நடந்ததைச் சொல்கிறேன். பிள்ளைகள் எல்லாம் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று குட்டிகள் பால் குடிப்பதைப் பார்த்துக் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். மைக் பிடித்த பெண் ஒவ்வொரு குட்டியின் கதையாகச் சொன்னாள். யாருக்கு அப்பா அம்மா இல்லை, யார் பள்ளத்தில் விழுந்தவன் என்று. ஒரு பிள்ளை கேட்டது, "ஏன் மிஸ் அந்தப் பெருசு மட்டும் தனியா நிக்குது?"

அந்தப் பெண் கொஞ்சம் யோசித்தாள். "அதுக்குக் கூச்சம்பா," என்றாள்.

எல்லோரும் சிரித்தார்கள். நான் கூட்டத்தைவிட்டு அந்தத் தனிக் கொட்டகைப் பக்கம் நடந்தேன். யாரும் தடுக்கவில்லை. கிழவிக்குக் கால்வலி, நிழல் தேடுகிறாள் என்று நினைத்திருப்பார்கள்.

கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தது. லாரி உயரம் இருக்கும் என்று நினைத்துப் போனேன், அவ்வளவு இல்லை. ஆனாலும் பெரிசுதான். என்ன கேட்க வேண்டும் என்று பஸ்ஸில் வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்திருந்தேன். வாயைத் திறப்பதற்காக ஓர் அடி முன்னால் வைத்தேன். அது ஓர் அடி பின்னால் போனது. நான் இன்னோர் அடி வைத்தேன். அதுவும் இன்னோர் அடி போனது. அப்படியே போய்ப் பின்பக்கம் சுவரில் முட்டியதும் நின்றுவிட்டது. இனிப் போக இடமில்லை. தும்பிக்கையைச் சுருட்டி வாய்க்குள் வைத்துக்கொண்டு நடுங்கியது.

இந்த உடம்பைப் பார்த்து, அத்தனை பெரிய உயிர். என் வாழ்நாளில் என்னைப் பார்த்து யாரும் அப்படிப் பயந்ததில்லை. மெதுவாகப் பின்னால் நடந்து வந்துவிட்டேன்.

எழுதாதே என்று சொன்னவள் நான்தான். இப்போது எழுது. என்ன நடந்தது? கோபம் வந்து அடித்த மிருகம் அப்படி நிற்காது.

அத்தை

*

மார்ச் 29

அன்புள்ள அத்தைக்கு,

கேட்டுவிட்டீர்கள். எழுதுகிறேன். படிக்க முடியாவிட்டால் பாதியில் மடித்து வைத்துவிடுங்கள்.

பம்பரம் வளர்ந்துவிட்டது, இனிக் கம்பிக்கு வெளியே நின்றுதான் பழக வேண்டும் என்று இங்கே யானைகளுக்கு வைத்தியம் பார்க்கிற டாக்டரம்மா எல்லோரிடமும் சொல்லியிருந்தார். உங்கள் பிள்ளை கேட்கவில்லை. "உடம்புதான் வளந்திருக்கு டாக்டர், அது இன்னும் குழந்தைதான்," என்பார். அன்று மதியம் உள்ளே போய் அதன் கால் நகத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார். நான் வெளியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தேன்.

சாலையோரத்து டிரான்ஸ்பார்மர் வெடித்தது. எனக்கே காது அடைத்துப்போனது. குட்டியாக இருந்த நாளிலிருந்தே எந்தச் சத்தம் கேட்டாலும் பம்பரம் ஓடிவந்து அவர் அக்குளில் தலையை நுழைத்துக்கொள்ளும். அன்றும் அப்படித்தான் வந்தது அத்தை. ஒளிந்துகொள்ள வந்தது. அவருக்குப் பின்னால் சுவர் இருந்தது.

அது முட்டவில்லை, மிதிக்கவில்லை. பயத்தில் இன்னும் இன்னும் அவருக்குள் புகப் பார்த்தது. நான் கத்தினேன். என் கத்தல் அதை இன்னும் பயமுறுத்தியிருக்குமோ என்று இன்றுவரை யோசிக்கிறேன். அவர் கத்தவில்லை. கை எட்டிய இடத்தில் அதைத் தட்டிக்கொடுத்தபடி, "ஒண்ணுமில்லம்மா, ஒண்ணுமில்ல," என்று சொல்லிக்கொண்டே இருந்தார். மூச்சு இருந்தவரை அதையே சொன்னார்.

அது விலகியபோது அவர் கீழே சரிந்தார். தும்பிக்கையால் அவரைத் தூக்கித் தூக்கி நிறுத்தப் பார்த்தது. அதைத்தான் ஓடிவந்தவர்கள் பார்த்தார்கள், யானை அடித்துவிட்டது என்று சொன்னார்கள். நானும் மறுத்துப் பேசவில்லை. யாரையாவது கோபித்துக்கொள்ள முடிந்தால் உங்களுக்குக் கொஞ்சம் தாங்கும் என்று நினைத்தேன்.

மனிதர்கள் கிட்டே வந்தால் அது பின்வாங்குவது அன்றிலிருந்துதான்.

உங்கள் மருமகள்

*

ஜூன் 11

அன்புள்ள அத்தைக்கு,

ஏப்ரலில் ஒரு கடிதம், மே மாதத்தில் ஒரு கடிதம் போட்டேன். பதில் இல்லை. பக்கத்துக் கடைக்குப் போன் செய்தேன். "நல்லாத்தான் இருக்காங்க, மிஷின் சத்தம் கேக்குது," என்றார் கடைக்காரர். அந்தச் சத்தம் போதும் என்று வைத்துவிட்டேன்.

ஒரு செய்தி. பம்பரத்தைக் காட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மனிதரை அண்டாத யானைதான் காட்டில் பிழைக்கும், இதற்கு அந்தக் கவலை இல்லை என்று டாக்டரம்மா முடிவு செய்தார். வளர்ந்த மூன்று குட்டிகளோடு சேர்த்து லாரியில் ஏற்றினோம். இறங்கும் இடம்வரை நானும் போனேன். மற்ற மூன்றும் எங்களைச் சுற்றி வந்தன. அது நேராக மரங்களுக்குள் போய்விட்டது. நான் குரல் கொடுக்கவில்லை. கொடுத்தால் நின்றுவிடுமோ என்று பயம்.

டாக்டரம்மா தூரத்தில் புதிதாக ஒரு காப்பகம் தொடங்குகிறார். பால் அறையை நான் பார்த்துக்கொள்ள வேண்டுமாம். இரண்டு நாள் பயணம், அடிக்கடி வந்து போக முடியாது. இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. இனி என்னைப் பிடித்து வைக்க இங்கே யாரும் இல்லை. வா என்று ஒரு வார்த்தை எழுதுங்கள், வந்துவிடுகிறேன். ஊசியில் நூல் கோத்துக் கொடுக்கவாவது ஆள் வேண்டாமா?

உங்கள் மருமகள்

*

ஜூலை 2

என் அன்புள்ள மருமகளுக்கு,

உன் கடிதங்கள் எல்லாம் வந்தன. பதில் எழுத உட்காருவேன், எழுந்துவிடுவேன். உன்மேல் கோபமில்லை. கோபம் அத்தனையும் அந்த மிருகத்தின்மேல் வைத்திருந்தேன். அதை நீ வாங்கிக்கொண்ட பிறகு கையில் ஒன்றும் இல்லாமல் போய்விட்டது. இத்தனை நாள் அதைப் பிடித்துக்கொண்டுதான் காலையில் எழுந்திருந்தேன் என்று எனக்கே தெரியாது.

பம்பரம் போய்விட்டது என்று படித்ததும் எனக்கு முதலில் என்ன தோன்றியது தெரியுமா? இனி மருமகள் எனக்குத்தான் என்று. எழுந்து போய் முன்னறை ஜன்னலைத் துடைத்தேன். துடைத்துக்கொண்டிருக்கும்போதே என் சந்தோஷத்தைப் பார்த்து எனக்குப் பயம் வந்துவிட்டது.

வராதே, அம்மா.

நீ வந்தால் இந்த வீட்டில் ஒரே பேச்சுத்தான் நடக்கும். காலையில் அவன், மாலையில் அவன். நீ சிரித்தால் எப்படிச் சிரிக்கிறாள் பார் என்பேன், அழுதால் நானும் சேர்ந்துகொள்வேன். நாளைக்கு உனக்கு யாரையாவது பிடித்துப்போனால் வாயால் சரி என்பேன், பத்து நாள் சாப்பிடாமல் படுத்துக்கொள்வேன். என்னை எனக்குத் தெரியும். நான் உன்னை விடமாட்டேன். திட்டியோ அடித்தோ இல்லை, அன்பாகத்தான் பிடித்து வைப்பேன். நீயும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு இருந்துவிடுவாய். உனக்கு இன்னும் முப்பது வயதுகூட ஆகவில்லை.

டாக்டரம்மாவிடம் சரி என்று சொல். காஜா எடுக்க ஒரு பெண் வந்திருக்கிறாள், வாயாடி, பொழுது போகிறது. முன்னறையை அவளுக்கே கொடுத்துவிட்டேன். நீ மனம் மாறி வந்து நின்றாலும் இடம் இருக்கக் கூடாது என்றுதான் கொடுத்தேன்.

அந்த ஊருக்குப் போய்ச் சேர்ந்ததும் ஒரு வரி போடு. அதற்கு நான் பதில் எழுதாவிட்டால் உடம்புக்கு என்னவோ என்று போன் செய்யாதே. எழுத ஆரம்பித்தால் வா என்று எழுதிவிடுவேன்.

அறையைக் காலி செய்யும்போது அவன் சட்டைகளை எனக்கு அனுப்பாதே. தோளில் எல்லாம் இரட்டைத் தையல் போட்டுத் தைத்தவை. வேலைக்குப் போகிற யாருக்காவது கொடு. இன்னும் சில வருஷம் உழைக்கும்.

அத்தை