நீலக் கிளி

என்னங்க,

நீங்க தூங்கலன்னு தெரியும், போர்வைக்குள்ள கால் ஆடுது. கோவம் இருக்கட்டும். சாப்பாடு அடுப்பு மேல இருக்கு. பதினோரு மணிக்குக் குழாய் ரிப்பேர்காரர் வருவார்.

பழைய பாடம் மறக்காம இருக்க நீங்க வாங்கின கலர் அடிக்கிற கணக்குப் புத்தகத்தையே இன்னிக்கும் நம்ம பொண்ணுக்குக் கொடுங்க. கழித்தல் கணக்கைப் போட்டு, விடைக்கு ஏத்த கலர் அடிக்கச் சொன்னா, கிளிப் படம் முழுக்க நீலமா அடிச்சிருக்கான்னு நேத்து குதிச்சேன். "ஒரு வருஷமா வீட்டுலயே பாடம் நடத்துன லட்சணம் இதுதானா?"ன்னு உங்களையும் கேட்டேன்.

மனசு கேக்காம இப்போ அந்தப் பக்கத்தை ஜன்னல் வெளிச்சத்துல பிடிச்சுப் பார்த்தேன். நீலத்துக்கு அடியில கட்டத்துக்குக் கட்டம் பென்சில்ல பொடிப்பொடியா 'சி', 'ப', 'ம'ன்னு எழுதியிருக்கா. சிவப்பு, பச்சை, மஞ்சள். ஒண்ணுகூடத் தப்பில்ல.

அப்புறம் சாவி தேடிக் கைப்பையைக் கவிழ்த்தேன். கலர் பென்சில் டப்பா விழுந்துச்சு. அன்னிக்கு அவளோட பல் டாக்டர்கிட்ட காத்திருந்தப்போ உள்ள போட்டவ நான்தான். நீலம் மட்டும் வீட்டுல தங்கியிருக்கு.

டப்பா மேசை மேல இருக்கு. பஸ் வந்துடும், ஓடறேன்.

சாவி கிடைக்கல. வெளிய பூட்டல, எழுந்து தாழ்ப்பாள் போடுங்க.

இன்னொண்ணு. அவ இப்பத்தான் தண்ணி குடிக்க எழுந்து வந்தா. "ஏண்டி, கலர் இல்லன்னு நேத்தே சொல்லல?"ன்னு கேட்டேன். "சொன்னேம்மா. நீ கத்திக்கிட்டே இருந்த"ன்னுட்டு மறுபடி போய்ப் படுத்துக்கிட்டா.

சாயங்காலம் நான் மெதுவாப் பேசறேன். ரெண்டு பேர்கிட்டயும்.