லெக்கா போட்டது நான்

ஜூன் 7, சனி

காலையிலிருந்து தூறல். துவைத்தது எதுவும் காயவில்லை. மாவு அரைக்க வேண்டும். கேஸ் புக் பண்ண வேண்டும்.

மத்தியானம் சேகரோடு பிளாக்ஜாக் பயிற்சி, இருபத்தொன்றைத் தாண்டாமல் டீலரை ஜெயிக்கிற சீட்டாட்டம். டிவியை அலறவிட்டு ஆறு கட்டுச் சீட்டையும் இறக்கினார். இரண்டு முதல் ஆறு வரை போனால் ஒன்று கூட்டு. பத்து, படம், ஏஸ் போனால் ஒன்று கழி. இது இப்போது மூச்சு விடுகிற மாதிரி. தடுமாற்றம் வகுப்பதில்தான். மீதி எத்தனை கட்டு என்று கண்ணாலேயே அளந்து, கணக்கை அதால் வகுக்க வேண்டும்.

மறக்கக்கூடாதவை:
டீலரிடம் பத்து, என்னிடம் 16. வகுத்தது பூஜ்யமோ அதற்கு மேலோ என்றால் சீட்டு கேட்காதே. 15 என்றால் நாலு வந்தால்தான் நில்.
டீலரிடம் ஏஸ் தெரிந்தால் கேட்கும் இன்ஷூரன்ஸ் பந்தயம், மூன்றுக்குக் கீழே தொடாதே.

நாளைக்குச் சூதாட்டக் கூடத்தில் நான் சின்னதாகக் கட்டி எண்ணுவேன். கணக்கு ஏறினால், அதாவது பெரிய சீட்டு அதிகம் மிச்சம் இருந்தால், துப்பட்டாவை வலது தோளுக்கு மாற்றுவேன். சோபாவில் இருக்கும் சேகர் வந்து பெரிதாகக் கட்டுவார். அந்தக் கூடத்தில் நாங்கள் புருஷன் பெண்டாட்டி இல்லை. முன்பின் தெரியாதவர்கள்.

"என்னைப் பாத்து சிரிச்சு வச்சிடாதே" என்றார்.

ஜூன் 8, ஞாயிறு

உதடு கிழிந்திருக்கிறது.

பொம்மனஹள்ளி, டைல்ஸ் கடைக்கு மேல்மாடியில்தான் அந்தக் கூடம். என் பக்கத்தில் மூர்த்தி சார். ரிட்டயர் ஆனவர், வாராவாரம் தோற்பவர். டோக்கனை ஊதிவிட்டுத்தான் வைப்பார். கணக்கு ஏறிக்கொண்டே போனது. துப்பட்டாவை மாற்றினேன். சேகர் எழுந்து வருவதற்குள் மூர்த்தி சார் தன் முன்னால் இருந்த டோக்கனை எல்லாம் தள்ளிவிட்டார். வெறும் குருட்டு நம்பிக்கை. பிளாக்ஜாக். மறுபடி தள்ளினார். மறுபடி ஜெயம்.

நாகராஜ் வந்தான். கூடத்தை நடத்துகிறவன். யாரோ எண்ணுகிறார்கள் என்று அவனுக்குப் போன வாரமே சந்தேகம்.

"ஏன் சார், லெக்கா போட்றியா?" சீட்டைக் கணக்குப் போடுகிறாயா என்கிறான்.

"என்ன லெக்கா? லக்குப்பா."

இரண்டு பேர் சாரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். பாத்ரூம் கதவு. கீல் இடுக்கில் அவர் வலது கை. நாகராஜ் கதவை எட்டி உதைத்தான். முருங்கைக்காய் ஒடிகிற மாதிரி, அவ்வளவு சின்ன சத்தம். அப்புறம்தான் அலறல்.

மறுபடி காலைத் தூக்கினான்.

"லெக்கா போட்டது நான்."

சிரித்தார்கள். "சும்னிரும்மா."

"ரெண்டரை கட்டு மிச்சம் இருக்கு. அதுல சின்ன சீட்டை விட பெருசு பதினஞ்சு ஜாஸ்தி. எண்ணிப் பாரு."

டீலர் பிரித்துப் போட்டு எண்ணினான். பதினைந்தேதான். சிரிப்பு நின்றது.

நாகராஜின் முதல் அடி கன்னத்தில். இரண்டாவதில் என் பல்லே என் உதட்டைக் கிழித்தது. முடியைப் பிடித்து மேசை விளிம்பில் மோதினான்.

"கூட யாரு?"

"தனியாத்தான்."

நாகராஜ் சோபா பக்கம் திரும்பினான். "நீ இவள முன்ன பாத்திருக்கியா?"

"இல்லண்ணா," சேகர் சொன்னார். "இப்பதான் பாக்கறேன்."

குரல் நடுங்கவே இல்லை.

என்னையும் சாரையும் படிக்கட்டில் தள்ளிவிட்டார்கள். ஆட்டோ பிடித்து அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தது நான்.

ஜூன் 9, திங்கள்

லீவு. சூப்பர்வைசரிடம் வழுக்கி விழுந்ததாகச் சொன்னேன். நம்பவில்லை. "வூட்டுக்காரரா?" என்று கேட்டாள்.

சேகர் இட்லி வாங்கி வந்தார். வாயைத் திறக்க முடியாதவளுக்கு இட்லி.

"நாம பேசி வச்சதுதானே கவிதா? நான் வாயத் தொறந்திருந்தா ரெண்டு பேரையும் கொன்னிருப்பானுங்க."

சாம்பார் பொட்டலத்தை முகத்தில் எறிந்தேன். வெடித்தது. சூடாகத்தான் இருந்தது. கத்தினார். தரையைத் துடைத்தேன்.

ஜூன் 11, புதன்

மூர்த்தி சாருக்கு இரண்டு விரலில் கம்பி. கட்டிலருகில் அவர் மகள், ஸ்கூல் டீச்சராம். யார் நீங்கள் என்றாள். எல்லாவற்றையும் சொன்னேன். ஓங்கி அறைந்தாள், ஏற்கெனவே வீங்கிய பக்கத்தில். சார், "விடும்மா, விடும்மா" என்று நல்ல கையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

வராந்தாவில் அவளே பின்னால் வந்தாள். "ஸ்டேஷனுக்கு வருவீங்களா? பாத்தவங்க வேற யாரும் வரமாட்டாங்க."

போனேன். ரைட்டர் கன்னடத்தில் எழுதினார், படித்துக் காட்டினார். நாகராஜ் செய்தது, நான் செய்தது. அங்கே இருந்தவர்கள் என்ற இடத்தில், என் புருஷன் என்று சேகர் பெயரையும் சொன்னேன். கையெழுத்து.

ஜூன் 13, வெள்ளி

மழை விட்டது. பால் திரிந்துவிட்டது. சேகர் நேற்று வரவில்லை.

சாயங்காலம் கதவில் இடி. "கவிதா, தொறடி!" திறந்தேன். தலை பிளந்து, சட்டை முழுக்க ரத்தம். ஒரு கண் மூடிப்போயிருந்தது. உள்ளே இழுத்துத் தாழ்ப்பாள் போட்டேன். குழாயடியில் உட்காரவைத்துத் தலையைக் கழுவினேன். சிவப்பாகவே ஓடியது.

"நாகராஜ் ஆளுங்க. நாளைக்குள்ள கம்ப்ளெயின்ட்ட வாபஸ் வாங்கணுமாம்."

"வாங்க மாட்டேன்."

"என்னை இன்னும் அடிப்பானுங்கடி!"

"இதையும் ஸ்டேஷன்ல சொல்லலாம். எழுந்திரு, ரெண்டு பேரும் போலாம்."

கையை ஓங்கினார். கல்யாணமானதிலிருந்து ஓங்கியதில்லை. மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன், ஈரக் கையால்.

"அடி. உன் பேரையும் நாகராஜ் பேருக்குக் கீழ எழுதச் சொல்றேன்."

இறக்கினார். துணியைப் பிழிந்து மறுபடி துடைத்தேன். ரத்தம் இன்னும் நிற்கவில்லை.